ரபி திருப்பி அனுப்பிய பிள்ளை

என் தங்கை ஜென்சியை ரபி முதல் தடவை திருப்பி அனுப்பியபோது, அப்பா மடு மாதாவின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். வழமையான சின்னத் திரி அல்ல. பாஸ்காத் திருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த பெரியது.

2007ஆம் ஆண்டு பனிக்காலம். நாங்கள் குடிபெயர்ந்து வந்த பிரெஞ்சு பேசும் நகரத்தில், கார்ட்டியர்வில் பகுதியில், இரண்டாம் மாடியில் இருந்தோம். ஜென்சிக்கு இருபத்தாறு வயது. குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் வேலை. அவள் விரும்பிய ஏலி மொரோக்கோ யூதன். அவனால் எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அம்மாவின் றால் பொரியலை விரல் சூப்பிச் சாப்பிடுவான்.

கரைச்சல் ஜென்சிதான். பக்கத்து ஸான்-லோறானில் யூதர்களுடைய தொழுகைக்கூடத்தில் புதன்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கும். யாரும் போகலாம். பண்டிகைகள், ஹீப்ரு எழுத்து, சில வாரம் பாட்டு, சில வாரம் படம், முடிவில் தேநீரும் கேக்கும். ஏலியின் தாயாருக்குத் துணையாகப் போனாள். தாயார் இரண்டு வகுப்போடு நின்றுவிட்டார். இவள் நிற்கவில்லை. ஒரு வருடம் போய் வந்தபின், தானும் யூத மதத்தில் சேர வேண்டுமென்று அங்கே குருவாக இருந்த ரபியிடம் கேட்டுவிட்டாள்.

"ஏலி கேட்டவனோ?" என்றார் அப்பா.

"இல்லை. ஏன் உனக்கு இந்த வேலையெண்டு கேட்டவன்."

"நானும் அதைத்தான் கேக்கிறன்."

"அங்க இருக்கேக்கை எனக்குச் சரியா இருக்கு அப்பா. வேற மாதிரிச் சொல்லத் தெரியேல்லை."

அப்பாவின் பெயர் பேனாட். பகலில் கதவுத் தொழிற்சாலை. ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவர். மைக்குக்கு முன்னால் நிற்கும்போது அவருக்கும் அப்படி ஏதோ சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அம்மாவின் பிரச்சினை வேறு. யூத மதத்தில் செதிலில்லாத கடலுணவு விலக்கு. "நண்டும் வேண்டாமாம், றாலும் வேண்டாமாம், கணவாயும் வேண்டாமாம். பேந்தென்னத்துக்கு என்ர வயித்தில பிறந்தவள்?"

நான் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். வகுப்புக்குப் போய்வர ஜென்சியை ஏற்றி இறக்கியது நான். வேலைக்குப் போகமுன் செய்வதற்கு எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

சித்திரையில் அவள் இரண்டாம் தடவை கேட்டாள். அப்போதும் ரபி இல்லையென்றார். அன்றைக்கு அப்பா மெழுகுதிரி கொளுத்தவில்லை.

"ஏனாம்?" என்று ஜென்சியைக் கேட்டார்.

"காரணம் சொல்லேல்லை."

"காரணம் சொல்லாமல் எப்பிடி?"

"உங்களுக்கு என்ன? நீங்கள் கேட்டதைத்தானே மாதா தந்திருக்கிறா" என்றார் அம்மா.

"சிசிலி, நான் வேண்டாமெண்டது வேற. அவர் வேண்டாமெண்டுறது வேற. பொம்பிளை பாக்க வந்து பலகாரம் திண்டிட்டுப் பேசாமல் போறமாதிரியெல்லோ இருக்கு."

அது இரண்டு வாரம் அவருக்குள் கிடந்து புளித்தது. பிறகு ஒரு புதன்கிழமை, ஜென்சிக்குக் கார்டெரியில் பெற்றோர் கூட்டம் இருந்த நாளாகப் பார்த்து, கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு என் காருக்குள் ஏறினார். மடியில் ஒரு பைல்.

"எங்க?"

"உன்ர தங்கச்சியை வேண்டாமெண்ட மனுசனிட்டை."

நாங்கள் போனபோது வகுப்பு தொடங்கியிருந்தது. ரபி டானான் கட்டை மனிதர். ஆளைவிடக் குரல் பெரிது. வாசலில் நின்ற எங்களைக் கண்டதும் பெயர்கூடக் கேட்காமல் இரண்டு கதிரையைக் காட்டினார். தலைக்குப் போட ஆளுக்கொரு குல்லா தந்தார்கள். அப்பா அதை விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இருந்தார்.

சனிக்கிழமை ஓய்வுநாளில் குடை விரிக்கலாமா என்பது அன்றைய பாடம். பிரெஞ்சில் நடந்ததை நான் அப்பாவின் காதில் தமிழில் சொன்னேன். விரிக்கக் கூடாதாம். குடை விரிப்பது கூடாரம் போடுவது மாதிரி. கூடாரம் போடுவது வேலை. ஓய்வுநாளில் வேலை ஆகாது.

அப்பா என் விலாவில் இடித்தார். "மழை பெஞ்சால் எப்பிடிக் கோயிலுக்கு வாறதாம்? கேள்."

கேட்டேன்.

"நனைந்துகொண்டு" என்றார் ரபி.

"அதனால்தான் என் புருசன் நாற்பது வருடமாக வரவில்லை" என்றாள் முன்வரிசைக் கிழவி ஒருத்தி. "மழை இல்லாத நாளிலும்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறத்தியாருக்கு முன்னால் அவர் சிரிப்பது அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி இடி. "அப்ப அகலத் தொப்பி? அதுவும் கூடாரம்தானே?"

இதைச் சொன்னபோது ரபி இரண்டு கையாலும் மேசையில் தட்டினார். "அதற்கும் ஒரு பெரிய சண்டை இருக்கிறது! யார் இந்த ஐயா?"

வகுப்பு முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனபின் யாரென்று சொன்னோம். ரபியின் முகம் மாறியது. அப்பா பைலைத் திறந்து மேசையில் பரப்பினார். நான் எதிர்பார்க்கவில்லை, நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். எல்லாம் ஜென்சி சின்ன வயதில் மறைக்கல்விப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்கள். விவிலிய வினாவிடை, முதலாம் இடம். பேச்சு, முதலாம் இடம். ஒவ்வொன்றின் மூலையிலும் மாதா, இல்லாவிட்டால் திருஇருதய ஆண்டவர்.

"வேதத்தில இவளைப்போலக் கெட்டிக்காரி எங்கட பங்கில இல்லையெண்டு சொல்லு."

சொன்னேன். ரபி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தமிழ் எழுத்தை விரலால் தடவினார்.

"பிள்ளையில என்ன குறையெண்டு கேள்."

"குறை ஒன்றும் இல்லை" என்றார் ரபி. "இது எங்கள் பழைய வழக்கம். சேர வேண்டுமென்று வருகிறவரை மூன்று தடவை திருப்பி அனுப்புவோம். எங்கள் பாரத்தைச் சுமக்காமலே ஒருவர் நல்ல மனிதராக வாழலாம். ஏன் வலிந்து சுமக்க வேண்டும்? அதற்குப் பிறகும் வந்தால், கதவைத் திறப்போம்."

"அவளுக்கு இது தெரியுமோ?"

"நானே படிப்பித்ததுதான். ஆனால் தெரிந்தவருக்கும் 'இல்லை' என்றால் வலிக்கும். மூன்றாம் தடவைக்குப் பிறகு திரும்பி வராதவர்கள் நிறையப் பேர்."

"பன்ரண்டு வருசமாக் கதவு செய்யிறன். இப்பிடி இறுக்கிப் பூட்டினால் ஆர் வருவினம்?"

"இறுகின கதவைத் தள்ளுகிறவர்தான் எங்களுக்கு வேண்டும்" என்ற ரபி, அப்பாவை நேராகப் பார்த்தார். "ஐயா, நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு எது வேண்டும்? நான் அவளைச் சேர்ப்பதா, சேர்க்காமல் விடுவதா?"

அப்பா சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். நுனியைத் தட்டிச் சரிபார்த்தார். பைலை மூடினார்.

"வேண்டாமெண்டே சொல்லச் சொல்லு" என்றார் கடைசியில். "ஆனா, என்ர பிள்ளை தகுதி காணாதெண்டு நினைச்சுச் சொல்ல வேண்டாமெண்டும் சொல்லு."

"காணாது என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை" என்றார் ரபி.

காருக்குள் ஏறியதும், "ஜென்சிக்குச் சொல்லாதை" என்றார் அப்பா. குல்லா தலையிலேயே இருந்தது. நானும் சொல்லவில்லை.

ஆனி முடிவில் அவள் மூன்றாம் தடவை கேட்டாள். நல்ல மழை. நனைந்துபோய்க் காருக்குள் ஏறினாள். சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இல்லையாம். இனி நான் போகேல்லை."

"அது அவையின்ர வழக்கமோ என்னவோ?" என்றேன்.

"வழக்கம்தான். ஆனா அவர் சொல்லேக்கை அப்பிடி இல்லை அண்ணா. மூண்டு தரம் ஒருத்தற்றை வாசல்ல போய் நிண்டு பார், தெரியும். எனக்கு வெக்கம் இல்லையே?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "விடு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்குவம்."

அப்பா ஒன்றும் செய்யத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு சோற்றைச் சாப்பிட்டால் போதும். பனிக்காலம் முழுக்க முழங்காலில் நின்று கேட்டது தானாக மடியில் வந்து விழுந்திருந்தது.

அவர் கையை உதறினார்.

"புதன்கிழமை போ."

"அப்பா?"

"இந்த வீட்டில பாதியில விட்டவன் ஒருத்தன் இருக்கிறான். அது காணும்."

நான் சோற்றைப் பிசைந்தேன். சொன்னதில் பிழையில்லை.

"அப்ப நீங்கள் சம்மதமோ?" என்று ஜென்சி கேட்டாள்.

"ஆர் சொன்னது? நீ ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. அதுக்கு நான் சாகுமட்டும் உன்னோட சண்டை பிடிப்பன். அது எனக்கும் உனக்கும். ஆனா என்ர பிள்ளை ஒரு வாசல்ல நிண்டு களைச்சுப்போய்த் திரும்பி வந்ததெண்டு இருக்கக் கூடாது."

"இந்த மனுசனுக்கு விசர்" என்றார் அம்மா. ஆனால் தள்ளி வைத்த கோப்பையை எடுத்து ஜென்சிக்கு முன்னால் மறுபடி வைத்தார்.

அப்பா கை கழுவ எழுந்தார். யன்னலைப் பார்த்தார். மழை விடவில்லை.

"வாற கிழமை முழுக்க இப்பிடித்தானாம். குடையைக் கொண்டு போ. புதன்கிழமை விரிக்கலாம்."

ஜென்சி நிமிர்ந்தாள். "உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?"

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.