காயத்ரி டீச்சரின் கழுத்து மைக்

புதுப்பட்டினம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் காயத்ரி டீச்சரின் கழுத்தில் ஒரு சின்ன மைக் தொங்கும். அது ஒரே ஒரு பிள்ளைக்காக. சிநேகாவுக்குப் பிறவியிலிருந்தே காது மந்தம். காதில் கருவி மாட்டியிருந்தாலும், நாற்பது பிள்ளைகளின் இரைச்சலில் டீச்சர் குரல் அவளை எட்டாது. சென்னையிலிருந்து ஒரு டிரஸ்ட் இந்த ஒயர் இல்லாத மைக்கைக் கொடுத்த பிறகு, டீச்சர் பேசுவதெல்லாம் நேராக அவள் காதுக்குள் வந்து விழுந்தது. சுவர் மறைத்தாலும் விழுந்தது. அதனால் வகுப்பை விட்டு வெளியே வந்தால் டீச்சர் மறக்காமல் அதை அணைத்துவிடுவாள்.

ஒரு நாள் மறந்துவிட்டாள்.

அன்று சிநேகாவின் அம்மா ரெஜினா, காலையிலேயே பள்ளிக்கு வந்திருந்தாள். மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்துவிட்டாள். முந்தின நாள் செங்கல்பட்டில் காது டாக்டர் சொன்னதை அவள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். டிப்பர் லாரியோடு வெளியூர் போயிருந்த கணவன் ஜான்சனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குக் கணக்கு கொடுத்துவிட்டு டீச்சர் வராந்தாவின் கோடிக்கு வந்தாள்.

"நரம்பே செத்துகினு வருதாம் டீச்சர். ஒரு வருசத்துல மொத்தமா பூடுமாம். ஆபரேசன் பண்ணாலும் யூஸ் இல்லன்னுட்டாரு."

"சிநேகாவுக்குத் தெரியுமா?"

"எப்டி சொல்றது அத?"

டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். ரெஜினா டீச்சர் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகையின் நடுவே, "இப்டி கஷ்டப்படறதுக்கு அவ பொறக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு சிநேகா வீட்டில் மாறிப்போனாள். வந்ததும் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிள்ளைக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ரெஜினா நினைத்தாள். ஒரு சாயங்காலம் தோளைப் பிடித்துத் திருப்பி முதுகில் ஒன்று வைத்தாள். கருவியை அவளே அவசரமாக மகள் காதில் மாட்டிவிட்டாள்.

"வூட்லயும் அத போட்டுக்கினு இருக்கக்கூடாதா? இன்னாடி பேஜாரு உன்னோட?"

"பழகிக்கினு இருக்கேம்மா."

"இன்னாத்த?"

"கேக்காம இருக்கறத."

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதான். டீச்சர் மைக்குல வந்துச்சு."

"எதுவரைக்கும் கேட்ட?"

சிநேகா நகத்தால் பாயைக் கீறிக்கொண்டிருந்தாள். எதுவரை என்பது ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது.

அன்றே பேசியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு, ஜான்சன் வந்த பிறகு என்று நாள் போனது. ஐப்பசி மழையில் சிநேகாவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள் கருவியே மாட்டாமல் படுத்து எழுந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போய் மைக்கைக் கேட்டாள். எதற்கு என்று டீச்சர் கேட்கவில்லை. தான் அதை அணைக்க மறந்ததை ரெஜினா சொல்லி அவளுக்கு முன்பே தெரியும். முகத்தைப் பார்க்க முடியாமல் எடுத்துக் கொடுத்தாள்.

மீன் ஏலம் முடிந்து கடற்கரை காலியாக இருந்தது. மகளுக்குக் கருவியை மாட்டி, ஒரு படகின் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு ரெஜினா தள்ளிப் போனாள். முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, மைக்கை வாயருகே பிடித்துப் பேசினாள்.

"அன்னிக்கி நான் சொன்னது பொய்டி கண்ணு. பயத்துல சொன்னது. நீ இல்லன்னா எனக்கு வூடே கிடையாது. உன்னைப் பெத்ததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டது இல்ல."

இரண்டு முறை சொன்னாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

சிநேகா கருவியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினாள். அம்மாவைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள்.

"எதுவுமே வரலம்மா."

மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ரெஜினா மணலில் ஓடிவந்து மகள் முன்னால் மண்டியிட்டாள். இரு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். உதடு கோணிக்கொண்டு போனது.

சிநேகா அந்த வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் பாவாடை நுனியால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழாம சொல்லும்மா. வாய் தெரியல."