தண்ணீர் கேன்களை இறக்கிய பிறகு

கடைசித் தண்ணீர் கேனையும் அண்ணன் தோளில் ஏற்றியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. நேற்று அவள் படகின் மேல்தளத்தைத் தட்டிப் பார்த்தபோது அந்தக் கேன்கள் மேலேயே இருந்தன.

படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்க்கிறவள் அவள். அண்ணன் வாங்கிய பழைய பாய்மரப் படகின் மேல்தளம் வெளியே மினுக்கு, உள்ளே சொத்தை. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பலகை வைத்து ஒட்டிய தளம் அது. ஏதோ ஒரு திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, பலகை ஊறி, மேல்தகடு ஒட்டு விட்டிருந்தது. அவள்தான் சிறுசிறு துளை போட்டாள், விளக்கு வைத்து உலர்த்தினாள், ஊசியால் ரெசின் பசை ஏற்றினாள். தகடு அழுந்திப் பிடிக்கட்டும் என்று வீட்டிலிருந்த கேன்களையெல்லாம் நிரப்பி மேலே வரிசையாக வைத்தாள். ரெசின் இறுகியதும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கேன்களின் இடையிடையே தட்டினாள். டக், டக் என்றது. "கல்லு மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லியும் விட்டாள்.

பாரம் அழுத்திக்கொண்டிருந்தால் ஒட்டாத தகடும் ஒட்டியதுபோலத்தான் பேசும். பட்டறையில் மற்றவர்களுக்கு அவளே எத்தனை தடவை சொல்லிக்கொடுத்த பாடம்! பாடம் நடத்துகிறவளே கோட்டை விட்டால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கீழே கிரேன்காரர் படகுக்கு அடியில் பட்டை வாரைக் கோத்துக்கொண்டிருந்தார். படகு தண்ணீரில் இறங்கியதும் அண்ணனும் அண்ணியும் குழந்தையும் அதிலேயே கிளம்புகிறார்கள், அண்ணனுக்குப் புது வேலை கிடைத்திருக்கும் ஊருக்கு. வீட்டைக் காலி செய்தாயிற்று. அந்த வீட்டில் அவர்களோடுதான் அவளும் இருந்தாள். நாளையிலிருந்து ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு.

அவள் மண்டியிட்டு, பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி தளத்தில் இறங்கும் இடத்தில் தட்டினாள். பொத். ஒரு கை தள்ளித் தட்டினாள். டக். மறுபடி கம்பியோரம். பொத். காற்று வலுத்தால் பாயின் இழுப்பெல்லாம் அந்த இடத்துக்குத்தான் வரும். கம்பி பிடுங்கிக்கொண்டால் மரமே சாயும். நடுக்கடலில், குழந்தையோடு.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. நிஜமாகவே பொத்தென்றுதான் கேட்கிறதா, அல்லது இவர்கள் போகக் கூடாது என்று ஏங்குகிற மனசுக்கு அப்படிக் கேட்கிறதா? நேற்று ராத்திரிகூட, இந்தக் கிரேன் ரிப்பேராகித் தொலையட்டும் என்று நினைத்தவள்தானே அவள். சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

அண்ணன் வருவான் பின்னே, அவன் குரல் வரும் முன்னே. "என்ன தங்கச்சி, போற நேரத்துல மத்தளம் வாசிக்கிறே?"

"இந்த இடத்துல ஒட்டு பிடிக்கலண்ணே. உள்ள இன்னும் ஈரம் இருக்கும்போல. இறக்க வேண்டாம்."

"நேத்து கல்லு மாதிரின்னு சொன்னே!"

"பாரத்தோட தட்டிட்டேன். என் தப்புதான்."

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஏணியடியில் நின்றிருந்தாள். அவள் அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்: "நாங்க போறது உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியும்டி. அதுக்காக இப்படியா?"

தங்கைக்கு முகம் சுண்டிப்போயிற்று. கிரேன்காரர் பொறுமை இழந்து எஞ்சினை உறுமவிட்டார்.

"அட, இதுக்கு எதுக்குப் பஞ்சாயத்து? எல்லார் முன்னாலயும் தட்டிக் காட்டு" என்று அண்ணன் ஏறி வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் காட்டிய இடத்திலேயே இரண்டு காலையும் ஊன்றி நின்றான். "ம், தட்டு."

அவன் செருப்போரம் தட்டினாள். டக்.

"கேட்டியா?" என்றான் அண்ணன், கீழே அண்ணியைப் பார்த்து. அண்ணி முகத்தில் சிரிப்பு வந்தது. குழந்தை கைதட்டியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பாரம் முழுக்க அந்த இடத்தின் மேல்தான் இருந்தது. மனசு எதற்கு ஏங்கினாலும் சரி, காது பொய் சொல்லவில்லை என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லு."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. படகு வேலையில் அவளோடு கூடவே நின்றவன்தான் அவனும். கேன்களைச் சுமந்தவன். காலைக் குனிந்து பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"தள்ளி நில்லுண்ணே."

அவன் நகரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. அவன் நிற்கும்வரை அவன் காலடியில் தளம் கெட்டியாகத்தான் இருந்தது.