நாலுவீல் வீடு மலையேறிய வரலாறு

வீடு முதன்முதலாக நகர்ந்தபோது அங்கே இருந்தவர்கள்: போர்டிகோவில் நின்ற பழைய ஜீப்பைக் கிளப்பி அதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாலுவீல், பக்கத்தில் குந்தியிருந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான், சமையலறையில் பாத்திரங்களை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி, மதில்மேல் கையூன்றி வேடிக்கை பார்த்த, ஓய்வுபெற்ற நில அளவையாளரான பக்கத்து வீட்டுக்காரர், அதே மதில்மேல் ஒரு பூனை. பூனைதான் முதலில் கவனித்தது. அதன் வாலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து அகன்றுகொண்டே போனது. வீடு மூன்றடி முன்னால் போய் நின்றது. வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் வீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டன. வீடு ஊரைவிட்டுப் போன பிறகுதான் அவை கிடைத்தன. ஜீப் மட்டும் போர்டிகோ தரையில் நின்ற இடத்திலேயே நின்றது.

நாலுவீல் மின்விசிறிகளுக்குச் சுருள் கட்டுகிறவர். அந்தப் பெயர் வந்ததற்கு ஜீப்தான் காரணம், ஆனால் அதன் ஒரு வீல்கூட அவரைச் சுமந்து ஓடியதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஏலத்தில் எடுத்து, நாலு பேர் தள்ளி உள்ளே விட்ட வண்டி. ஊருக்கு மேற்கே இருக்கும் மலையில் அதை ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த மலைக்கு நல்ல தார்ரோடு இருந்தது, பேருந்தும் போனது. அதைச் சொன்னவர்களோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். தரைத்தகடு துருப்பிடித்துக் கால் வைத்தால் பொத்துக்கொண்டு போனது, புதிதாக வெல்டிங் வைத்தார். கற்களில் இடிக்கக்கூடாது என்று ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை உயர்த்தினார். உயர்த்தியதில் அதன் தலை போர்டிகோ கூரையில் முட்டியது. வண்டியை இறக்குங்கள் என்றாள் மனைவி. அவர் கூரையை ஏற்றினார். வெள்ளத்தில் போனாலும் இன்ஜின் மூச்சு முட்டாமலிருக்க மேல்நோக்கி ஒரு குழாய் வைத்தார்; அந்த ஊரில் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட வெள்ளம் வந்ததில்லை. சேற்றில் சிக்கினால் இழுக்க முன்னால் பொருத்திய விஞ்சின் கயிற்றை இழுத்துக் கட்டி மனைவி துணி காயப்போட்டாள். நாலு சக்கரம் இருக்கும்போது இரண்டை மட்டும் வேலை வாங்குவது அநியாயம் என்று, எப்போதும் நாலும் சேர்ந்தே இழுக்கும்படி மாற்றினார். இதில் மட்டும் கொஞ்சம் நிதானித்திருக்கலாம்.

மனைவி பாட்டில் தொழிற்சாலையில் விரிசல் பார்க்கிறவள். ஒரு பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்தால் அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். தொழிற்சாலையை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அங்கே கொடுக்கும் ஒற்றை அறையில் ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. சுருள் கட்டும் வேலையை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து செய்யலாம், நாலுவீலுக்கும் அது தெரியும். ஆனால் ஜீப்பை விட்டுவிட்டுப் போனால் அது பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். மனைவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் முன்னாடி போறேன். உங்க வண்டி ஓடுற அன்னைக்கு நீங்க வாங்க" என்றாள்.

அவள் விளக்குக்கு நேராக அவரைத்தான் பிடித்துப் பார்த்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து சோறு தண்ணீர் மறந்து வேலை செய்தார். அவள் கிளம்புவதற்குள் ஜீப்பை ஓட வைக்க வேண்டும், அதிலேயே அவளை மலை தாண்டிக் கூட்டிப்போக வேண்டும், அங்கே எங்காவது மரத்தடியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவசரத்தில் அண்டாவுக்குள் கை நுழையாது என்பார்கள். அவர் கை எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்தது. முன் அச்சைப் பிரித்துச் சுத்தம் செய்து மூடும்போது, கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தை இடதுபக்கம் வைப்பதற்குப் பதிலாக வலதுபக்கம் வைத்துவிட்டார்.

வீடு நகர்ந்த பிறகு அதைக் கண்டுபிடித்தவன் மச்சான். லாரி ஓட்டுகிறவன். அவன் வீடு நகர்ந்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை, சக்கரங்களைத்தான் பேசினான்.

"மாமா, பின்வீல் முன்னாடி சுத்துது, முன்வீல் பின்னாடி சுத்துது. கிரவுன் வீலை மாத்திப் போட்டுட்டீங்க. இதுல வண்டி எங்க போகும்?"

"வண்டி போகலையேடா. வீடுல்ல போகுது."

"பின்ன? ரெண்டு பக்கமும் இழுத்தா ஏதாவது ஒண்ணு அசைஞ்சுதானே ஆகணும்? இறக்கித் திருப்பிப் போட்டா ஓடிடும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

நில அளவையாளர் டேப்பை எடுத்து வந்து அளந்துவிட்டு, இருபது வருடமாகத் தகராறில் இருந்த அந்த மூன்றடியும் இப்போது தன் பக்கம் வந்துவிட்டது என்று அறிவித்தார். யாரும் மறுக்காததால் முகம் வாடி உள்ளே போனார்.

நாலுவீல் ஜீப்புக்கு அடியில் படுத்து முன் அச்சின் மூடியில் ஸ்பானரை வைத்தார். இரண்டு போல்ட் கழன்றன. திருப்பிப் போட்டால் ஜீப் ஓடும். மலையேறலாம். ஆனால் வீடு அதோடு நின்றுவிடும். ஜீப்புக்கு மரத்தடி போதும். சைக்கிளுக்கே இடமில்லாத அறையில் சுருள் கட்டும் சாமானோடு அவர் எங்கே படுப்பார்? திரும்ப இங்கே வர வேண்டும், விடுமுறை நாளில் போய் அவளைப் பார்த்துவிட்டு மறுபடி இந்தக் கூடத்தில் தனியாக உட்கார வேண்டும். திருப்பாமல் விட்டால் ஜீப் சாகும்வரை ஓர் அங்குலம்கூட ஓடாது. மனைவி வந்து குனிந்து எட்டிப் பார்த்தாள். மச்சான் அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான்.

"சரி பண்ணுங்க" என்றாள். "இத்தனை வருஷம் அதுக்குத்தானே கெடந்தீங்க. ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெட்டியின் வாயை ஒட்டுவதற்காக அவள் டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. சர்ரென்று ஒரு பெட்டி. பிறகு இன்னொன்று. அவருக்கு அது தன் தோலை உரிப்பதுபோல் இருந்தது. மூன்றாவது சத்தம் வருவதற்குள் கழற்றிய போல்ட் இரண்டையும் திரும்ப மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

"ஏய், அந்தப் பெட்டியைப் பிரி!" என்று கத்தினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம், ஒட்டியே இருக்கட்டும். ரோடு மேடு பள்ளமா இருக்கும்" என்றார்.

மறுநாள் காலை மின்சாரக் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் துண்டித்துவிட்டுக் கிளம்பினார்கள். லாரிக்கு ஒதுங்குகிற தெரு வீட்டுக்கும் ஒதுங்கியது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாரோ அந்தப் பக்கம் வீடு திரும்பியது. ஆனால் கொல்லைப்புறக் குளியலறை எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பும். மச்சான் மொட்டைமாடியில் நின்று "ரைட், ரைட், லெஃப்ட்ல வாங்க மாமா" என்று குரல் கொடுத்தான். பூனை எப்போது ஏறியது என்று தெரியவில்லை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் கை காட்டி நிறுத்தினார்.

"வண்டி பேப்பரை எடுங்க."

"வண்டி ஓடலையே சார். நிக்குது, பாருங்க."

காவலர் குனிந்து பார்த்தார். போர்டிகோ தரையில் ஜீப் நின்றுகொண்டுதான் இருந்தது.

"அப்ப ஓடுறது எது?"

"வீடு சார்."

"அப்ப வீட்டு பேப்பரை எடுங்க."

மனைவி வீட்டுவரி ரசீதைக் கொண்டுவந்து நீட்டினாள். பாக்கி எதுவும் இல்லை. காவலர் அதை இரண்டு தடவை புரட்டிவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஜன்னலைச் சாத்திவைக்கும்படி சொல்லி அனுப்பினார். முதல் வளைவு தாண்டியதும் நாலுவீல் ஏற்றத்துக்கான கியரைப் போட்டார். இன்ஜின் உறுமியது. இரண்டு படுக்கையறையும் கூடமும் சமையலறையும் தண்ணீர்த் தொட்டியும் முக்கி முனகிக்கொண்டு மலையேறின. பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. உச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். இறங்கிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, காயப்போட்டிருந்த போர்வையைக் கையால் விலக்கி, கீழே தெரிந்த இரண்டு ஊர்களையும் பார்த்தார். மனைவி டம்ளரில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். மலை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பேருந்துக்காரன் இறங்கிவந்து சண்டை பிடிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையின் சொந்தக்காரர் மாத வாடகைக்குச் சம்மதித்தார். தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தார், ஏனென்றால் புதிய கார்புரேட்டரைச் சோதிக்கிறேன் என்று நாலுவீல் அவ்வப்போது வீட்டை ஏரிக்கரை வரை கொண்டுபோய்விடுவார். வேலை முடிந்து வந்த மனைவி வெறும் மனையில் பையோடு நின்ற நாட்களும் உண்டு. அவற்றுக்கெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மச்சான் மாதம் ஒருமுறை லாரியில் வந்து, அந்தக் கிரவுன் வீலைத் திருப்பட்டுமா மாமா என்று கேட்பான். வாயை மூடு என்பார். ஜீப்புக்கு இப்போதும் ஏதாவது செய்துகொண்டேதான் இருக்கிறார்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் தொழிற்சாலை வாசலில் ஒண்டி நின்றார்கள். குடை கொண்டுவந்திருந்த கணவன்மார் சிலர் எதிரே காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, விளக்கெல்லாம் எரிய, வீடு நின்றது. மனைவி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து படியேறினாள்.

"ரெண்டு தெருவுக்கு வீட்டையே எடுத்துட்டு வரணுமா?"

"குடை எங்க வெச்சேன்னு தெரியல" என்றார் நாலுவீல்.

அவள் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு, ஜீப்பைக் கிளப்பப் போனார்.