திட்டிக்கொண்டே ஒரு சுற்று

"சாணி அள்ளுறவகிட்டயா நான் சவாரி கத்துக்கணும்?" என்று நஜ்முன்னிசா கேட்டபோது, தமிழ்மதியின் இடுப்பில் உண்மையாகவே சாணிக்கூடைதான் இருந்தது.

திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண் நஜ்முன்னிசா. வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் அந்தக் குதிரைச் சவாரிப் பள்ளியில் அவளுக்கு அன்றுதான் முதல் வகுப்பு. காரை விட்டு இறங்கியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. வெயில் சரியில்லை, நாற்றம் தாங்கவில்லை, இப்போது வாத்தியாரும் சரியில்லை.

முதலாளி அக்மல் சமாதானம் சொன்னான். "அக்கா, இன்னைக்கு ஒருநா இவ சொல்லிக் குடுக்கட்டும். நீங்க விழாம ஒரு சுத்து வந்துட்டீங்கன்னா நாளையிலருந்து பொம்பளைங்க வகுப்பு இவளுக்கு. விழுந்தீங்கன்னா இவ கூடையோடயே கிடக்கட்டும்."

"நல்லாருக்கே! அவளுக்கு வேலை, எனக்கு மாவுக்கட்டா?"

"அப்படிக் கேளுங்கக்கா!" என்று வேலிப்பக்கம் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. சுருளிவேல். அங்கே இருந்த ஒரே பயிற்சியாளன். எல்லாரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். பெண்கள் வகுப்பு கைவிட்டுப் போனால் அவனுடைய கொம்பில் பாதி ஒடிந்துவிடும். அது அவனுக்கும் தெரியும், குதிரைகளுக்கும் தெரியும்.

"ஏ ஏனுங்க!" பேச்சுக்குப் பேச்சு 'ஏனுங்க' போடும் கீரனூர்க்காரி என்பதால் தமிழ்மதிக்கு அவன் வைத்த பெயர் அது. "இந்தா, ஒன் குதிரை."

அவன் இழுத்து வந்தது வெள்ளையனை. கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு மேளத்துக்கு ஆடும் குதிரை. கடிவாள வாரை இறுக்கிப் பிடித்து, வயிற்றில் குதிகாலை அழுத்தினால் போதும், முன்னங்காலைத் தூக்கிவிடும். புதிதாக ஏறுகிறவர்கள் பயத்தில் செய்வதும் அந்த இரண்டைத்தான்.

"மாஸ்டர், இது மாப்பிள்ளைக் குதிரைங்க. புதுசா ஏறுறவங்களுக்கு ஆகாதுங்க."

"மத்ததெல்லாம் மேயப் போயிருக்கு. ஏலலைன்னா சொல்லிரு."

தமிழ்மதி அக்மலைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான். சரி, இதுதான் நியாயம் என்றால் இதுதான்.

கூடையை இறக்கினாள். வாரைக் குதிரையின் கழுத்திலேயே முடிந்துவிட்டாள். நீளக் கயிறு ஒன்றைத் தலைப்பட்டையில் மாட்டித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். நஜ்முன்னிசாவை மேலே ஏற்றி, சேணத்தின் முன்விளிம்பைப் பிடிக்கச் சொன்னாள்.

"வாரு எங்கடி?"

"இன்னைக்கு வாரு கிடையாதுங்க."

"கயித்துல கட்டி இழுக்க நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டி சொன்னாக் கேக்குமுங்கக்கா."

பாதிச் சுற்று ஒழுங்காகத்தான் போனது. அப்போது வேலியில் சாய்ந்திருந்த சுருளிவேல் கை தட்ட ஆரம்பித்தான். சும்மாத் தட்டவில்லை, மேளக்காரன் அடி எடுப்பதுபோல ஒரு கணக்காய்த் தட்டினான். வெள்ளையன் காதை விடைத்தது. கழுத்தை வளைத்தது. முன்னங்கால் ஒன்று மேலே போனது.

நஜ்முன்னிசாவின் வாய் அன்றைக்கு முதல் தடவையாக நின்றது. மூச்சும் நின்றது. முட்டி இறுகி, குதிகால் குதிரையின் வயிற்றில் பதிந்தது. ஆடு என்று அவளே சொன்னதாக எடுத்துக்கொண்டு குதிரை அடுத்த காலையும் தூக்கியது.

கயிற்றை இழுத்தால் பின்னங்காலில் எழுந்து நின்றுவிடும். பயப்படாதே என்று சொல்லி எவருக்கும் பயம் போனதில்லை. முதலில் மூச்சு வெளியே வர வேண்டும். இந்த மூச்சு எந்த வழியாக வரும் என்று தமிழ்மதி காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்?

"அக்கா, திட்டுங்க!"

"யா... யாரை?"

"என்னையத் திட்டுங்க! பத்தலைன்னா கை தட்டுறவரைத் திட்டுங்க!"

வந்தது பாருங்கள். "அடியே கீரனூர்க்காரி, ஒன் கை வெளங்குமாடி! ஏலே கைதட்டி! ஒன் வீட்டுக் கல்யாணமாலே இது? பொம்பள விழுந்தாப் பாக்கணும்னு நிக்கிறியே, ஒன் மூஞ்சியப் பாத்துத்தாம்லே குதிரையே மிரளுது!"

லாயத்துப் பக்கம் வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். சுருளிவேலின் கைகள் தாமாகவே நின்றன. ஒவ்வொரு வசவுக்கும் நஜ்முன்னிசாவின் மூச்சு வெளியே போக, முட்டி தளர்ந்தது. குதிகால் வயிற்றை விட்டு விலகியது. ஆடச் சொல்ல ஆளில்லாமல் வெள்ளையன் காலைக் கீழே வைத்து நடந்தது.

மிச்சச் சுற்று முழுக்க வசவுதான். போனைப் பார்த்துக்கொண்டிருந்த அக்மலுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நஜ்முன்னிசா நிமிர்ந்து, வெகு நாள் ஏறிப் பழகியவள்போல உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கிக்கலாமுங்க."

"இருடி, இன்னும் முடிக்கல."

இறக்கிவிட்டதும் அக்மல் மெல்லக் கேட்டான். "நாளைக்கு யாருக்கா வேணும்?"

"இவதான். பிடிச்சுப்போயி இல்ல. இவளை நான் இன்னும் முழுசாத் திட்டல."

அக்மல் சுருளிவேல் பக்கம் திரும்பினான். "அண்ணே, இனி பொம்பளைங்க வகுப்பு தமிழ்மதிக்கு. அவளையும் மாஸ்டர்னே கூப்பிடுங்க."

"செத்தாலும் கூப்பிட மாட்டேன்."

தமிழ்மதி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "கூப்பிட வேண்டாமுங்க. நான் வகுப்பெடுக்கையில ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கங்க, போதும்."