நான் ஜெயிச்ச பதினொரு சனிக்கிழமை

ஒன்பது வருஷமா சனிக்கிழமை பொழுதுபட்டா எங்கட வீட்டுல தேத்தண்ணி ஊத்துறது நான்தான். ஆம்பிளை குசினிக்குள்ள போனா கௌரவம் குறைஞ்சிரும் எண்டு நினைக்கிற ஆள் நான் இல்ல. ஆனா தோத்துப்போய்ப் போறது இருக்கே, அது வேற. இஞ்சியத் தட்டிப் போட்டு, ப்ளேன்டி ஊத்தி, கருப்பட்டித் துண்டோட கொண்டுவந்து வச்சா, என்ட பொஞ்சாதி ஸவாஹிரா ஒரு வாய் குடிச்சிட்டு, "சாயம் கொஞ்சம் கூடிப்போச்சு போல" எண்டு சொல்லுவா. அந்த நேரத்துல எனக்கு வாற கோவம், சொல்லி வேல இல்ல.

என்ட பேரு புவாத். பதுளை பஸார்ல மணிக்கூடு திருத்துற கடை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்ல. அல்லாஹ் நாடல்ல. அதுக்காக அழுதுக்கிட்டா இருக்க முடியும்? எங்களுக்கு "விளக்குக் கப்பல்" இருந்துச்சு.

அது ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழ்ல பேச வச்சு சனிக்கிழமை ஏழு மணிக்குப் போடுவாங்க. விண்வெளியில போற வாற கப்பலுகளுக்கு வழி காட்ட விளக்குகள் இருக்காம். அதுகள் பழுதாப்போனா திருத்துறதுக்கு ஒரு பழைய கப்பல். கெப்டன் தாலா எண்டு ஒரு பொம்பளை, மொக் எண்டு ஒரு எஞ்சின்காரன், அவங்களோட இன்னும் ஏழெட்டுப் பேர். கையில துவக்கு, தோட்டா ஒண்டும் கிடையாது. ஸ்பேனரும் திருப்புளியும்தான். கிழமைக்கு ஒரு வில்லன் வருவான். துவக்கு இல்லாம அவனை எப்பிடி மடக்குறாங்க எண்டதுலதான் முழு ருசியும் இருக்கு.

கடைசிப் பகுதிக்கு முன்னுக்கு ஒரு விளம்பரம் வரும். அந்த விளம்பரம் முடியிறதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு வழி சொல்லணும். சொன்னது பிழையாப்போனவங்க தேத்தண்ணி ஊத்தணும். இதுதான் சட்டம்.

நான் மணிக்கூட்டுக்காரன். எந்த வில்லனையும் ஒரு மெஷினாத்தான் பார்ப்பேன். எங்கயோ ஒரு ஆணி இளகியிருக்கும், அதைக் கண்டுபிடிச்சிக் கழட்டினா சரி. ஸவாஹிராட கதை வேற. "இஞ்ச பாருங்க, முதல் பத்து நிமிசத்துல யாரை ஒருத்தரும் கவனிக்காம விடுறாங்களோ, அவங்கதான் கடைசியில வில்லனைத் தோக்கடிப்பாங்க" எண்டு சொல்லுவா. எல்லார்ட மனசுக்குள்ளயும் பூந்து பார்க்கிற வில்லன் ஒருத்தன் வந்தான். நான் எஞ்சின், வயர், அலைவரிசை எண்டு என்னென்னவோ சொன்னேன். ஸவாஹிரா, "அந்த உடுப்புக் கழுவுற மெஷின் மனுசன்" எண்டாள். ஓமெண்டு பார்த்தா, மனசே இல்லாத அந்தத் தகரப் பொம்மைதான் வில்லனுக்குப் பின்னால போய்க் கதவைப் பூட்டிச்சு. வெளிச்சத்தைத் தின்னுற ராணி வந்தப்பவும் அப்பிடித்தான். மொக் ஏதாவது செய்வான் எண்டு நான் சொல்ல, அவ சமையக்காரக் கிழவன் எண்டாள். அவன் அடுப்பைத் திறந்துவிட்டு, "இந்தா தின்னு" எண்டு குடுத்துக்கிட்டே இருந்தான். ராணி வயிறு வெடிச்சிச் செத்தாள். நான் குசினிக்குப் போனேன்.

ஒன்பது வருஷத்துல நான் ஜெயிச்சது பதினொரு தரம். சிரிக்காதீங்க. பதினொண்டு பதினொண்டுதான். ஜெயிச்ச ஒவ்வொரு தரமும் சுவர்ல தொங்குற கலண்டர்ல அந்த நாள் தாளைக் கிழிச்சு, பழைய மணிக்கூட்டுத் தகரப் பேணி ஒண்டுல போட்டு வைப்பேன். கோவம் வந்தா பேணியைக் குலுக்கிக் காட்டுவேன். "குலுக்குங்க, குலுக்குங்க, பதினொரு தாள்தானே, சத்தமும் வராது" எண்டு சிரிப்பா.

ஏழு மாசத்துக்கு முன்னுக்கு ஸவாஹிரா என்னை விட்டுட்டு மவுத்தானா. வயித்துல கட்டி. அதுக்குப் பொறகு நான் டீவியப் போடல்ல. துணியால மூடி வச்சேன். காலையில எட்டுக்குக் கடை, பொழுதுபட வீடு, ஹோட்டல் சோறு, தூக்கம். யாரோடயும் கதைக்க மனசில்ல. ஆரம்பத்துல வந்து பார்த்தவங்களும் பொறகு வாறதைக் குறைச்சிக்கிட்டாங்க. நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தா யார்தான் வருவாங்க?

போன சனிக்கிழமை மடுல்சீமையில இருந்து அந்தோனிப்பிள்ளை வந்தார். தோட்டத்துக் கோயில் மணிக்கூட்டை வருஷத்துக்கு ரெண்டு தரம் சாக்குல சுத்திக் கொண்டுவாற மனுசன். சனிக்கிழமை எண்டா தோட்டத்துச் சனம் எல்லாம் பஸ் ஏறிப் பதுளைக்கு வரும். எனக்குக் கிழமையில பெரிய யாவாரமே அண்டைக்குத்தான். அதனால சனிக்கிழமை பகல் ஒரு நாளும் நான் கடைய விட்டு அசைஞ்சதில்ல. சோறு வீட்டுல இருந்து கட்டிக்கிட்டு வந்துருவேன்.

"வேலைய சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மொதலாளி. மத்தியான பஸ்ஸ விட்டா ஏழு மணிக்குள்ள தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேர முடியாது. இன்னைக்கு விளக்குக் கப்பல் கடைசிப் பகுதிங்க. இதோட முடிஞ்சிருதாம்" எண்டார்.

முடியுதா? அவ இல்லாமலா? அந்தோனிப்பிள்ளை போன உடனே கடைய இழுத்து மூடினேன். வாசல்ல நிண்ட ரெண்டு பேர் திட்டினாங்க. திட்டட்டும். கடைசி ஒரு பகுதியாவது உட்கார்ந்து பார்த்து, நேர்மையா ஒரு வழி சொல்லி, பன்னிரண்டாவது தாளைக் கிழிக்கணும் எண்டு ஒரு வெறி வந்துச்சு. யாருக்கு ஜெயிச்சுக் காட்ட?

வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் ஒரு மணி. அந்த நேரத்துல அந்த வீட்டுக்குள்ள நான் இருந்த ஞாபகமே எனக்கு இல்ல. திருத்த வந்து யாரும் எடுக்காமப் போன சுவர் மணிக்கூடுகள் பதினாலு எங்கட சாலையில, டீவி இருக்கிற அறையில, தொங்குது. நான்தான் கொண்டுவந்து மாட்டினேன். பொழுதுபட நான் வந்தா டீவிச் சத்தம், எங்கட சண்டைச் சத்தம். அவ போன பொறகு வந்த உடனே விழுந்து தூங்குறதுதான். அதுகள்ட சத்தம் காதுல விழாது. அண்டைக்குப் பகல் பதினாலும் சேர்ந்து டிக் டிக் எண்டு அடிக்குது. வேற ஒரு சத்தம் இல்ல. அஞ்சு நிமிசம் தாங்க முடியல்ல. இதைக் கேட்டுக்கிட்டா அவ இருந்தாள், முழுப் பகலும்?

துணிய எடுத்துட்டு டீவியப் போட்டேன், வேலை செய்யுதா எண்டு பார்க்கத்தான். கடைசியா எந்தச் சனல்ல விட்டிச்சோ அதுலதானே வரும். வந்தது சிங்களச் சனல். சத்தம் நல்லாக் குறைச்சு வச்சிருந்துச்சு. பார்க்கிறேன், கெப்டன் தாலா நிக்கிறா. சிங்களத்துல கதைக்கிறா!

விளக்குக் கப்பல். அதே கடைசிப் பகுதி. பகல் ஒரு மணிக்குச் சிங்களத்துல, பொழுதுபட ஏழு மணிக்குத் தமிழ்ல.

"அடி கள்ளி!" எண்டு கத்திட்டேன். சத்தியமாக் கத்தினேன். ஒன்பது வருஷம்! பகல்ல முழுக்கப் பார்த்து முடிவைத் தெரிஞ்சிக்கிட்டு, பொழுதுபட என்னோட உட்கார்ந்து, ஒண்டும் அறியாத புள்ளை மாதிரி நாடியில கை வச்சு யோசிச்சிருக்கிறாள். நானும் ஒரு மடையன், ஓடி ஓடி இஞ்சி தட்டியிருக்கிறேன். உயிரோட இருந்திருந்தா அண்டைக்கு வீட்டுல பெரிய சண்டை நடந்திருக்கும்.

கடைசி விளம்பரம் வந்ததும் டீவிய அணைச்சேன். நான் கள்ளன் இல்ல. ஆனா ஒண்டு மட்டும் உறுத்திச்சு. எல்லாம் தெரிஞ்சவ பதினொரு தரம் எப்பிடித் தோத்தாள்?

பேணியத் திறந்து தாள்களை மேசையில பரப்பினேன். பார்த்தா, பதினொண்டுல எட்டுத் தாள்ல மேல்மூலையில வட்ட நிலா அச்சடிச்சிருக்கு. போயா நாள், பௌர்ணமி. போயா எண்டா அந்தச் சனல்ல விடியக்காலையில இருந்து பொழுதுபடும் வரைக்கும் ஹாமதுருமார், புத்த பிக்குமார், பன எண்டு உபதேசம் சொல்லுறதுதான். தொடர் கிடையாது. அண்டைக்கு அவளுக்கும் முடிவு தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அந்த எட்டும் அப்ப என்ட சொந்த மூளையால ஜெயிச்சது. அல்ஹம்துலில்லாஹ்.

மிச்சம் மூண்டு தாள். நிலா இல்ல. பகல்ல தொடர் ஓடியிருக்கு. அவளுக்கு முடிவு தெரியும். தெரிஞ்சும் தோத்திருக்கிறாள்.

முதல் தாள், என்ட கூடப்பிறந்த மூத்தவர் ஹபீஸ் காக்காவை அடக்கம் பண்ணின கிழமை. ரெண்டாவது, இருபத்திரண்டு வருஷம் இருந்த கடைய விட்டு எழும்பு எண்டு கட்டடக்காரன் சொன்ன கிழமை. அந்த ரெண்டு நாளும் அவ சொன்ன வழி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏனெண்டா அவ்வளவு மொக்குத்தனமா இருந்துச்சு. "கெப்டன் வில்லனுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச் சரிக்கட்டிருவா." நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். காக்கா மவுத்தான பொறகு நான் முதல்ல சிரிச்சது அண்டைக்குத்தான்.

மூண்டாவது தாள், போன வருஷம் மார்ச். அண்டைக்கும் அவ தேத்தண்ணிக் கதைதான் சொன்னாள். ஆனா அந்தக் கிழமை எனக்கு ஒரு கவலையும் இருக்கல்ல. எவ்வளவு யோசிச்சும் ஒண்டும் பிடிபடல்ல. கடைசியில அலுமாரியத் திறந்து அவட கிளினிக் கொப்பிய எடுத்தேன். டொக்டர் முதல்தரம் கட்டி எண்டு எழுதின திகதி, அந்தச் சனிக்கு முந்தின நாள் வெள்ளி. நான் ஜும்ஆவுக்குப் போய், கடைக்குப் போய், பொழுதுபட வந்த நாள். அவ தனியா ஆட்டோவுல போய்க் கேட்டுக்கிட்டு, தனியாவே வந்திருக்கிறாள். என்னட்ட சொன்னது மே மாசம்தான்.

அந்தச் சனிக்கிழமை எழும்பிக் குசினிக்குப் போகப்போனவ, கதவுல நிண்டு திரும்பிப் பார்த்தாள். "இஞ்ச பாருங்க, நான் ஊத்தி முடியும் வரைக்கும் வந்து கொஞ்சம் பக்கத்துல நில்லுங்களேன்" எண்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தோத்தவ குசினியில, ஜெயிச்சவன் கதிரையில. சட்டம் சட்டம்தான், புள்ள" எண்டேன். கால நீட்டிக்கிட்டுப் பேணியைக் குலுக்கினேன். அவ உள்ளுக்குப் போனாள். தேத்தண்ணி வர அண்டைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச்சு. நான் இருந்த இடத்துல இருந்தே, "என்ன, தேயிலை கொழுந்து பறிக்கவா போன?" எண்டு பகிடி பண்ணினேன்.

யா அல்லாஹ். அந்த வாயில அடிக்க யாரும் இல்லாமப் போச்சே.

அவ கள்ளவேலை செய்யல்ல. பகல் முழுக்கப் பதினாலு மணிக்கூட்டோட இருக்க ஏலாமத்தான் டீவியப் போட்டிருக்கிறாள். ஒருக்காப் பார்த்ததையே, என்னோட ஒரு மணித்தியாலம் இருக்கலாம் எண்டதுக்காகத் திரும்ப உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான் நல்ல புருஷன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிக்கிட்டு இருந்தேன்.

மஃரிப் தொழுதிட்டு ஏழு மணிக்கு டீவியப் போட்டேன். கடைசி வில்லன் இருட்டன். முதல் வருஷத்துல இருந்து ஒவ்வொரு விளக்கா அணைச்சிக்கிட்டு வாறவன். முதல் பத்து நிமிசத்தை அண்டைக்குத்தான் நான் ஒழுங்காப் பார்த்தேன். முதலாம் விளக்குல ஆதா எண்டு ஒரு பொம்பளை தனியா இருக்கிறா. ஒன்பது வருஷமா ஒவ்வொரு பகுதியிலயும் ஒருக்கா அவட குரல் மட்டும் கேட்கும். "கெப்டன், இது ஆதா. முதலாம் விளக்கு. இங்க எல்லாம் சரி." யாரும் பதில் சொன்னதில்ல. நானும் அதைக் காதுல போட்டதில்ல. அண்டைக்கும் கேட்டுச்சு. கெப்டன், "பொறகு கதைப்போம்" எண்டு பட்டனை அமத்திட்டா.

விளம்பரம் வந்துச்சு. பக்கத்துக் கதிரை வெறுமையா இருக்கு. நான் சத்தமாவே சொன்னேன். "என்ட வழி, மொக் பெரிய விளக்குட வால்வை மாத்துவான். ஸவாஹிராட வழி, ஆதா."

முடிவைப் பார்க்க நான் இருக்கல்ல. எழும்பிக் குசினிக்குப் போனேன். கேத்தலை அடுப்புல வச்சேன். அவ நிண்டு ஊத்துற இடத்துக்குப் பக்கத்துல, சுவரோட சாஞ்சு நிண்டேன். தண்ணி கொதிக்கத் தொடங்கிச்சு. சாலையில இருந்து கெப்டன்ட குரல் கேட்டுச்சு. "ஆதா, ஆதா, நான்தான் பேசுறேன். தனியா விட்டதுக்கு மன்னிச்சிரு. கேட்குதா?"

"நீதான் ஜெயிச்ச, புள்ள" எண்டேன். இஞ்சியத் தட்டினேன். ரெண்டு கோப்பை எடுத்து வச்சிட்டு, அந்த இடத்தை விட்டு அசையாம, தேத்தண்ணி ஆறும் வரைக்கும் பக்கத்துலயே நிண்டேன்.