முதல் புதன்கிழமை

ஆறு மணிக்கு எமெட் காபி போட்டான். ஆறேகாலுக்கு மனைவி மார்னியின் மாத்திரைகளை எடுத்து வைத்தான். வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று. அவள் நின்றபடியே விழுங்கினாள். ரொட்டி கருகியிருந்தது. கத்தியால் சுரண்டிவிட்டுத் தின்றாள். நாக்கின் ஓரத்தில் கடிபட்ட புண் இன்னும் ஆறவில்லை. அந்தப் பக்கம் படாமல் மென்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் துணி மடிக்கும்போது வலிப்பு வந்திருந்தது. பதினாலு மாதத்துக்குப் பிறகு.

"லோரெய்ன்கிட்ட சொல்லாத," என்றாள், நினைவு திரும்பியதும்.

"சொல்லித்தானே ஆகணும்."

"சொன்னா திரும்ப சோபாவுல உட்கார வெச்சிருவாங்க. நாலு வருஷம் உட்கார்ந்தாச்சு. போதும்."

டொலீடோ நகர நூலகத்தில், திரும்பி வரும் புத்தகங்களைப் பிரித்து அடுக்கும் வேலை அவளுக்கு. ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலை பார்த்துப் பழகலாம். ஒன்பது மாதம் வரை தொகையை நிறுத்த மாட்டார்கள். இது எட்டாவது மாதம். லோரெய்ன் அவளுக்கென்று அமர்த்தப்பட்ட ஆலோசகர். மாதத்தின் முதல் புதன்கிழமை, ஆள் வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டு விசாரிப்பாள்.

ஆறே முக்காலுக்குக் கூப்பிட்டாள். மார்னி பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு போனை எமெட்டிடம் தள்ளினாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"இந்த மாசம் நீங்களா? சரி. உடம்புல ஏதாச்சும் மாற்றம் உண்டா? வலிப்பு ஏதாவது?"

மார்னி பிரஷ்ஷை அசைக்காமல் அவனையே பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா."

"உங்க சமையலைச் சாப்பிட்டுமா?" லோரெய்ன் சிரித்தாள். "அப்ப நிஜமாவே தேறிட்டா."

ஏழு பத்துக்கு மார்னி பஸ்ஸுக்குப் போனாள். ஒன்பதரைக்கு நூலகத்திலிருந்து போன் வந்தது. கீழ்த்தளத்துப் படிக்கட்டில் விழுந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை.

சனிக்கிழமை சவ அடக்க இல்லத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். நூலகத்து அடையாள அட்டையை அவள் கழுத்தில் மாட்டச் சொல்லியிருந்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வரிசையில் லோரெய்ன் வந்தாள். அவன் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"அன்னைக்கு நிஜமாவே நல்லாத்தான் இருந்தாளா, எமெட்?"

இரண்டடி தள்ளி மார்னியின் அம்மா ஜூன் நின்றிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வரிசை நகர்ந்துவிடும்.

"ஞாயித்துக்கிழமை வலிப்பு வந்துச்சு," என்றான். "நான்தான் மறைச்சேன்."

லோரெய்ன் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சொல்லியிருந்தா ரெண்டு வாரம் லீவு கேட்டு வாங்கியிருப்பேன். வேலையும் போயிருக்காது, தொகையும் நின்னிருக்காது. அதுக்குத்தானே நான் இருக்கேன்."

அவன் தலையாட்டினான். அவள் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே வெளியே போனாள்.

ஜூன் பக்கத்தில் வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"கடைசியா உங்கிட்ட என்ன சொன்னா?"

"வரேன்னு சொன்னா."

ஜூன் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வரேன் என்று மார்னி சொல்லவில்லை. அன்று காலை வாசலைத் தாண்டியவள், தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"நீ இவ்வளவு சுத்தமா பொய் சொல்லுவேன்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா உன்னை முன்னாடியே கட்டியிருப்பேன்."