மோட்டாருக்குப் பின்னால் இரண்டு கண்டென்சர்கள்

நாடகக்காரர் மறுபடியும் போன் செய்துவிட்டார். மாலைக் காட்சிக்கான இடிமுழக்கம் முழுக்க அந்தப் பழைய டேப்ரெக்கார்டரில்தான் ஓடவேண்டும். போட்டால் இடியோடு சேர்ந்து 'உர்ர்' என்று ஓயாத உறுமல். மின்சாரத்தைச் சீராக்கும் இரண்டு கண்டென்சர்கள் காய்ந்துபோயிருந்தன. இருப்பதோ மோட்டாருக்குப் பின்னால், ஒரு இடுக்கில். மோட்டாரைக் கழற்றி மாட்ட நேரமில்லை.

மெக்கானிக்கின் தடித்த விரல்கள் உள்ளே போகவில்லை. இடுக்கி வழுக்கியது. எழுந்து ஜன்னல்வரை போனான்; வந்தான். வாய்வரை வந்த வசவை விழுங்கினான். மாமியார் போன மாதம் வீட்டோடு வந்து தங்கியதிலிருந்து வாய்விட்டுத் திட்டக்கூட முடிவதில்லை. மனைவி வேலைக்குப் போய்விட்டால் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் நடமாடினார்கள்.

"மாப்பிள்ளை, என் கை சின்னது. தையல் மிஷின்ல பழகின விரல். விட்டுப் பாக்கட்டுமா?" கதவருகே மாமியார்.

"ஐயோ, வேணாம் அத்தை. உங்களுக்கெதுக்குச் சிரமம்?"

மீண்டும் போன். "இதோ முடிஞ்சிடும் சார்" என்று புளுகியபடி திரும்பினான். அவள் கை ஏற்கெனவே இடுக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கியிருந்தானே தவிர, கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கியிருக்கவில்லை.

"ஏய், கையை எடு!"

போனைப் போட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"பிளக்கைப் பிடுங்கினாலும் இது அடிக்கும் அத்தை. ஆளையே தூக்கிப் போட்டுடும். தப்பா எடுத்துக்காதீங்க, பதட்டத்துல மரியாதை இல்லாம..."

"வந்த நாள்லேர்ந்து வாங்க, உக்காருங்க, போதுமா... லாட்ஜ்ல தங்கின மாதிரியே இருந்துச்சு." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னிக்குத்தான் வீட்டு மனுஷியா ஆனேன். மின்சாரத்தை இறக்குங்க. எதைப் பிடிக்கணும்?"

இறக்கினான். மீட்டரை வைத்துப் பார்த்தான், முள் அசையவில்லை. அவள் புதுக் கண்டென்சரை உள்ளே நுழைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் நீண்ட முனையுள்ள சால்டரிங் அயர்னை ஓரமாக விட்டுப் பற்றவைத்தான். ஒரு கம்பி நழுவியபோது வசவு வெளியே வந்தேவிட்டது. அவள் சிரித்ததில் கை ஆடியது.

"ஆடாதீங்க அத்தை!"

"சிரிக்க வைக்காதீங்க!"

இரண்டையும் மாற்றியதும் டேப்பைப் போட்டுப் பார்த்தார்கள். உறுமல் இல்லை. நாடகக் குழுவின் வேன்காரர் வந்து டேப்ரெக்கார்டரை எடுத்துப்போனார். அப்போதும் அவனால் உட்கார முடியவில்லை. "வழியில குலுங்கி எதாவது கழண்டுட்டா?"

"நடந்து நடந்து தரையைத் தேய்க்காதீங்க மாப்பிள்ளை. கெளம்புங்க, நேர்லயே போய்க் கேட்டுடலாம்."

அரங்கில் கடைசி வரிசைதான் கிடைத்தது. மேடையைப் பார்க்காமல் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்குகள் அணைந்தன. இடி உருண்டு வந்தது. ஓய்ந்த பிறகு சுத்தமான அமைதி. அவள் திடுக்கிட்டு அவன் கையைப் பற்றியிருந்தாள்.

"நம்ம இடிதானே?"

"நம்மளுதுதான்" என்றான். அடுத்த இடிக்காகக் காலை ஆட்டத் தொடங்கினான்.